நாற்பது மணித்தியாலத் தொண்டும் இருபத்தொரு வாரத் தோட்டமும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஜூன் மாத இறுதியில் பாடசாலைகள் மூடப்படுகின்றன. செப்டெம்பர் முதல் திங்கட்கிழமையில் வரும் தொழிலாளர் தினம் கழிந்த பின்னரே அவை மீண்டும் திறக்கின்றன. இடைப்பட்ட இரண்டு மாதங்களுக்கும் கோடை விடுமுறை என்று பெயர். ஆனால் எங்கள் பெற்றாரைப் பொறுத்தவரையில் அது மூன்று கடமைகளை முடித்துக்கொள்வதற்கான கால அவகாசம். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தமிழுக்கும் வகுப்பு ஒன்று. யாழ்ப்பாணத்துக்கோ, லண்டனுக்கோ, பாரிசுக்கோ உறவினரைப் பார்க்கும் பயணம் ஒன்று. எஞ்சிய நாட்களில் எங்காவது ஓரிடத்தில் தொண்டு.

இந்தத் தொண்டு விருப்பத்தின்பாற்பட்ட தொண்டு அல்ல. 1999ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த மாணவர்களிலிருந்து தொடங்கி, ஒன்ராறியோவில் உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ் பெற விரும்பும் ஒவ்வொருவரும் 40 மணித்தியாலங்கள் ஊதியமின்றிச் சமூகப் பணி செய்திருக்கவேண்டும் என்பது விதி. பாடசாலை நேரத்துக்கு வெளியே செய்யவேண்டும். பணியை மேற்பார்வை செய்தவர் படிவத்தில் கையொப்பமிடவேண்டும். ஒன்பதாம் வகுப்புக்குப் போவதற்கு முந்திய கோடையிலேயே தொடங்கிவிடலாம் என்ற சலுகையும் உண்டு. நூலகம், முதியோர் இல்லம், உணவு வங்கி, கோயில் என்று இடங்கள் பல. அவற்றுள் அண்மைக்காலங்களில் பெற்றாரின் கண்ணுக்கு உவப்பாகத் தெரிவது சமூகத் தோட்டம். வெளிக்காற்று, உடற்பயிற்சி, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் சுற்றாடல் என்ற சொல்லை எழுதிக்கொள்ளும் வாய்ப்பு. இதைவிட வேறென்ன வேண்டும்?

விதியை நான் குறைகூறவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை தன் வீட்டுக்கு வெளியே பிறருக்காகக் கையை அசைக்கவேண்டும் என்று ஓர் அரசாங்கம் எதிர்பார்ப்பது நியாயமானதே. ஆனால் தோட்டத்தையும் நாற்பது மணித்தியாலத்தையும் நாம் இணைத்திருக்கும் விதத்தில் பெரும் கோளாறு இருக்கிறது. அந்தக் கோளாறினால் நட்டப்படுவது தோட்டம் மட்டுமல்ல.

சமூகத் தோட்டம் என்பதை அறியாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். மாநகரசபையின் பூங்காவிலோ, தேவாலய வளவிலோ, தொடர்மாடிகளுக்கு இடையிலோ, உயர் அழுத்த மின்கம்பிகள் செல்லும் வெற்றுத் தரையிலோ ஒரு துண்டு நிலத்தைப் பிரித்து, அயலவர்களுக்குப் பயிரிடக் கொடுப்பார்கள். சில இடங்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாத்தி. சில இடங்களில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே தோட்டம். நகரத்து மண்ணில் ஈயம் முதலான மாசுகள் இருக்கக்கூடும் என்பதால் பலகைச் சட்டம் அடித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணை நிரப்பிப் பாத்தியை உயர்த்திக்கொள்வதும் உண்டு. பாத்தி கேட்டுப் பெயர் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்போர் ரொறன்ரோவில் ஏராளம்.

அங்கே தோட்டத்தின் ஆண்டு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மார்ச் மாதத்தில், வெளியே பனி கிடக்கும்போதே, யன்னலோரத்தில் சிறு தட்டுகளில் கத்தரியும் மிளகாயும் தக்காளியும் நாற்றுப் போடப்படுகின்றன. மே மாதத்தின் நடுப்பகுதி தாண்டும்வரை உறைபனி எந்த இரவிலும் வரலாம். ஆகவே விக்ரோறியா தின விடுமுறையை ஒட்டியே கன்றுகளை வெளியே நடுவது வழக்கம். ஜூனில் களை. ஜூலையிலும் ஓகஸ்டிலும் தண்ணீர், தண்ணீர், மேலும் தண்ணீர். ஓகஸ்டில் காய்க்கத் தொடங்கியதைப் பிடுங்கப் பிடுங்க மேலும் காய்க்கும். பிடுங்காமல் விட்டால் வெண்டிக்காய் இரண்டு நாளில் முற்றிவிடும், செடியும் ஓய்ந்துவிடும். செப்டெம்பரில் விதைக்கு விட்டதை எடுத்துக் காயவைக்கவேண்டும். ஒக்ரோபரில் நன்றி நவிலல் தினத்தை ஒட்டிப் பாத்தியைத் துப்புரவாக்கி, சருகு போட்டு மூடவேண்டும்.

இப்போது எங்கள் பிள்ளையின் விடுமுறையை இதன்மேல் வைத்துப் பாருங்கள். அவன் வரும்போது கன்றுகள் நட்டு ஆறு வாரம் ஆகிவிட்டது. ஜூலையில் இரண்டு வாரம் நாள்தோறும் நாலு மணித்தியாலம் களை பிடுங்குகிறான். எது களை, எது கீரை என்று பிரித்தறியாமல் பிடுங்குவதும் நடக்கிறது; முளைக்கீரையும் காட்டுக்கீரையும் அவனுக்கு ஒன்றுதான். நாற்பது மணித்தியாலம் முடிகிறது. கையொப்பம் கிடைக்கிறது. தோட்டத்துக்கு ஆள் மிகமிகத் தேவைப்படும் ஓகஸ்டில் குடும்பம் விமானம் ஏறுகிறது. அவன் தண்ணீர் ஊற்றிய செடியில் பூத்ததையோ காய்த்ததையோ அவன் காண்பதில்லை. செப்டெம்பரில் பாடசாலை, ரியூசன். தோட்டத்தின் பக்கம் அவன் தலைவைத்தும் படுப்பதில்லை, அதற்கு அவசியமும் இல்லை.

அப்படியானால் ஓகஸ்டில் தண்ணீர் ஊற்றுவது யார்?

ஸ்காபரோப் பகுதித் தோட்டங்களுக்குக் காலை ஆறு, ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். தலையில் தொப்பியும் காலில் மகனின் பழைய சப்பாத்தும் அணிந்த எங்கள் முதியவர்கள். பிள்ளைகளால் அழைக்கப்பட்டுக் கனடாவுக்கு வந்து, ஏழு மாதம் வீட்டுக்குள்ளும் ஐந்து மாதம் வெளியிலும் வாழ்பவர்கள். அவர்களுள் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர்களும் உண்டு. 1990 ஜூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபோது உடுத்த உடுப்புடன் புறப்பட்டவர்கள். பலாலிப் படைத்தளத்தைச் சுற்றிய உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அவர்களுடைய செம்மண் காணிகள் அகப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுபட்டது 2017 ஜூலையில். அங்குமிங்குமாகப் பல துண்டுகள் விடுபட்டன. எஞ்சியவற்றின் உரிமையாளர்கள் இன்னமும் உறுதிகளை இரும்புப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

பரப்புக் கணக்கில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்தவர்களுக்கு இங்கே கிடைப்பது ஓர் அறையின் அளவேயான பாத்தி. அந்தப் பாத்திக்குள் பயிற்றைக்குப் பந்தல், பாகலுக்கு ஒரு மூலை, நடுவில் கத்தரி, ஓரத்தில் பொன்னாங்காணி என்று ஒரு சாண் நிலத்தையும் வீணாக்காமல் அவர்கள் நடும் ஒழுங்கைப் பார்த்தால், இது பொழுதுபோக்கு என்று சொல்ல மனம் வராது. நான் பத்திரிகையில் வேலை செய்த காலத்தில் வெங்காய விலையும் மிளகாய் விலையும் முன்பக்கச் செய்திகளாக இருந்தன. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரன் தலைநிமிர்ந்து நின்றான்; 1977இன் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது விழுந்தான். அந்தத் தலைமுறையின் கடைசி ஆட்களில் சிலர்தான் மின்கம்பிகளின் கீழே இன்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களிடம் உள்ளது வெறும் அனுபவம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒன்ராறியோவின் வைன்லண்ட் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், குடிவரவாளர்கள் விரும்பி வாங்கும் வெண்டி, நீளக் கத்தரி, பயிற்றை முதலானவற்றை அந்த மாகாணத்தின் குறுகிய கோடையில் வணிக அளவில் விளைவிக்க முடியுமா என்று பல ஆண்டுகள் பரீட்சித்தது. அதே கேள்விக்கான விடையை எந்தக் கருவியும் இல்லாமல், கிட்டங்கியில் வாங்கிய வாளியுடனும் தெற்குப் பார்த்த யன்னலுடனும் தேடிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் அம்மம்மாமார். எந்த விதையை எப்போது ஊறப்போடுவது, குளிர் இரவில் கன்றை எதனால் மூடுவது, பாகலில் ஆண்பூ எது பெண்பூ எது, தேனீ வராத நாளில் கையால் எப்படி மகரந்தம் சேர்ப்பது என்பவற்றை அவர்கள் எழுதிவைக்கவில்லை. கேட்பார் இல்லாததால் சொல்லவும் இல்லை.

வகுப்பு என்ற இரண்டாவது கடமை இங்கேதான் வந்து சேருகிறது. ஒன்ராறியோவில் 1977ஆம் ஆண்டு முதல் மரபுவழி மொழிகளைக் கற்பிக்கும் திட்டம் அரசின் ஆதரவுடன் நடந்துவருகிறது. பிற்காலத்தில் தமிழும் அதில் பயன்பெற்றது. ஆசிரியர்கள் பலர் குறைந்த வசதிகளுடன் அர்ப்பணிப்புடன் கற்பிக்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் படம் போட்ட புத்தகத்தில் கத்தரிக்காய் என்று எழுதிப் பழகிய பிள்ளைக்கு நாற்று என்றால் என்ன, கன்று என்றால் என்ன, இரண்டுக்கும் வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்று தெரிவதில்லை. மொட்டு, பூ, பிஞ்சு, காய், செங்காய், பழம், அழுகல் என்று ஒரே பொருளுக்கு வயதுக்கேற்ப நாம் வைத்திருக்கும் பெயர்களை ஒரு மிளகாய்ச் செடியின் முன்னால் ஆறு வாரம் நின்றால் அவன் பாடமாக்காமலே கற்றுக்கொள்வான். பாத்தி, வரம்பு, வாய்க்கால், கொழுகொம்பு, சால், குழை, உழவாரம் முதலிய சொற்கள் கரும்பலகையில் எழுதினால் செத்த சொற்கள். கையில் மண் ஒட்டியிருக்கும்போது யாராவது உரத்துச் சொன்னால் அவை ஏவல் வினைகளோடு சேர்ந்து வந்து பிள்ளையின் காதில் ஏறும். "அந்த உழவாரத்தை எடு ராசா, வரம்பை மிதியாதை" என்பதில் ஒரு பாடத்துக்குரிய இலக்கணம் இருக்கிறது.

வகுப்புகளை மூடிவிட்டு எல்லோரையும் தோட்டத்துக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டாம். எழுத்தும் இலக்கியமும் அறைக்குள்தான் கற்கமுடியும். ஆனால் சனிக்கிழமை வகுப்பு நடத்தும் அமைப்பு, கோடையில் நாலைந்து வகுப்புகளையாவது தோட்டத்தில் வைக்கலாம். ஆசிரியர் சம்பளத்துக்கு மேல் ஒரு சதம் செலவில்லை.

இனி, தொண்டு என்ற சொல்லுக்கு வருவோம். எங்கள் நாட்டில் அதற்கு வரலாறு இருக்கிறது. 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு, சாதியின் பெயரால் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். மாணவர்கள் அந்தக் கிராம மக்களோடு தங்கி, அவர்களோடு சேர்ந்து உழைத்தார்கள். சர்வோதய இயக்கத்தின் சிரமதானம் அங்கே தொடங்கியது. தமிழர் பக்கத்தில் காந்தீயம் இருந்தது. 1977 வன்செயலில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பங்களை வவுனியா மாவட்டத்தில் குடியமர்த்தி, பயிர்செய்கைக்கும் பாலர் பாடசாலைகளுக்கும் வழிசெய்த இயக்கம் அது. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் அதை நடத்தினார்கள். இருவரும் 1983 ஏப்ரலில் கைதுசெய்யப்பட்டனர். ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். ஏதிலிகளுக்கு நிலமும் விதையும் கொடுப்பது ஓர் அரசுக்கு ஆபத்தாகத் தோன்றிய காலம் அது. அந்தக் காலத்தில் அந்தப் பண்ணைகளுக்குப் போய் வேலை செய்த இளைஞர் எவரும் மணித்தியாலம் எண்ணியிருக்கமாட்டார்.

ஒன்ராறியோவில் வளரும் பிள்ளைக்கு அத்தகைய ஆபத்து எதுவும் இல்லை, இல்லாதிருப்பது நல்லது. ஆனால் சமூகத் தோட்டத்தில் போராட்டமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நியூயோர்க்கின் கதையைப் பாருங்கள். 1973ஆம் ஆண்டு பவரி வீதியும் ஹூஸ்டன் வீதியும் சந்திக்கும் மூலையில் குப்பை குவிந்து கிடந்த வெற்றுக்காணியை லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் அவருடைய நண்பர்களும் துப்புரவாக்கித் தோட்டமாக்கினார்கள். அடுத்த வருடம் மாநகரசபை அதை மாதம் ஒரு டொலர் வாடகைக்குக் கொடுத்தது. நகரமெங்கும் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் அவ்வாறு முளைத்தன. தோட்டங்களால் சுற்றுப்புறம் சீரடைந்தது, காணி விலை ஏறியது. விலை ஏறியதும் 1999இல் நகர முதல்வர் ஜூலியானி நூறுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலத்தில் விற்கப் புறப்பட்டார். தோட்டக்காரர்கள் வீதியில் இறங்கினார்கள், வழக்குத் தொடர்ந்தார்கள். கடைசி நேரத்தில் நடிகை பெற் மிட்லர் தொடங்கிய அமைப்பும் பொதுநிலங்களுக்கான நம்பிக்கை நிதியமும் சேர்ந்து அவற்றை விலைக்கு வாங்கிக் காப்பாற்றின.

இங்கிலாந்தில் நிலைமை சற்று வேறு. அங்கே 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மக்கள் கேட்டால் பயிரிட நிலத்துண்டு கொடுப்பது உள்ளூராட்சி சபையின் கடமை. லண்டன் தமிழர் பலர் வெங்காயம் நடும் துண்டுகளுக்குப் பின்னால் அந்தச் சட்டத்தின் பலம் இருக்கிறது. வட அமெரிக்காவில் பெரும்பாலான சமூகத் தோட்டங்கள் அனுமதிப் பத்திரத்தில் உயிர்வாழ்பவை. ரொறன்ரோவில் மின்கம்பிகளின் கீழான நிலத்தை ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளத்துக்குப் பசுமைப் பாதையாக மாற்றும் மெடோவே திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது. ஸ்காபரோவை ஊடறுத்துச் செல்லும் இந்தப் பாதையில் காட்டுப்பூப் புல்வெளியும் தோட்டமும் நடைபாதையும் இடத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. எதற்கு எவ்வளவு இடம், தண்ணீர்க் குழாய் எங்கே, பந்தல் எவ்வளவு உயரம் போடலாம் என்பன கூட்டங்களில் தீர்மானிக்கப்படும் விடயங்கள். கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. மாலையில் நடக்கின்றன. விண்ணப்பங்கள் இணையத்தில் நிரப்பப்படுகின்றன. பதில் எழுதாவிட்டால் பாத்தி அடுத்தவருக்குப் போய்விடும்.

பந்தல் உயரம் கூடிவிட்டது, கழற்றவேண்டும் என்று ஆங்கிலத்தில் வந்த அறிவித்தல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வாசித்துச் சொல்ல ஆளின்றி நின்ற முதியவர் ஒருவரைச் சில வருடங்களுக்கு முன்னர் சந்தித்தேன். பயிற்றை பூத்துக்கொண்டிருந்தது. அதே தோட்டத்தில் அதே காலை தமிழ் மாணவர்கள் மூவர் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் அவர்களைக் கேட்கவில்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியுமோ என்று ஐயம். அவர்களும் கிட்டப் போகவில்லை. தங்களுக்குத் தெரிந்த தமிழ் போதுமோ என்று கூச்சம். களை பிடுங்குவதைவிட அந்த ஒரு கடிதத்தை வாசித்துப் பதில் எழுதுவது பெரிய தொண்டாக இருந்திருக்கும். அதை எந்தப் படிவமும் கேட்கவில்லை.

மூன்றாவதான பயணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஓகஸ்டில் யாழ்ப்பாணம் போவோர் பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாவை வைத்தே நாள் குறிக்கிறார்கள். 25 நாள் திருவிழா, உறவினர் வீடுகள், ஒரு கடற்கரை, ஒரு விடுதி. இடையில் சிறுவர் இல்லம் ஒன்றுக்குப் போய்ப் புத்தகப் பொதி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. அதையும் தொண்டு என்று கணக்கில் சேர்க்க முயல்பவர்களும் உண்டு. அந்த இல்லத்துப் பிள்ளைகள் ஒரு ஓகஸ்டில் எத்தனை படங்களுக்கு நிற்கவேண்டும் என்று எவராவது எண்ணிப் பார்த்ததுண்டா? அதை நிறுத்திக்கொள்வது நல்லது.

அதற்குப் பதிலாகப் பிள்ளையை ஒரு வாரம் தோட்டக்கார உறவினர் வீட்டில் விடலாம். ஓகஸ்ட் யாழ்ப்பாணத்தில் வரட்சிக் காலம். ஆறு இல்லாத அந்தக் குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தேங்கிய மாரி மழையைக் கிணற்றிலிருந்து இறைத்தே எல்லாப் பயிரும் வளர்கிறது. முன்னர் துலா, இப்போது இயந்திரம். இயந்திரம் வந்ததும் இறைப்புக் கூடியது. பசளை கூடியதும் வலிகாமத்துக் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு வர்த்தமானி அறிவித்தல் ஒன்றின் மூலம் தடைசெய்து, நாடெங்கும் விளைச்சல் வீழ்ந்தபின் நவம்பரில் கைவிட்டதையும், 2022 ஜூனில் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்ததையும் அந்தத் தோட்டக்காரரே அவனுக்குச் சொல்வார். ஸ்காபரோவில் குழாயைத் திருகித் தண்ணீர் ஊற்றிய பிள்ளை, இங்கே இறைப்பு முறைக்குக் காத்திருக்கும்போது கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும். முன்னதாகவே அவனுக்கு ஒரு பாத்தி இருந்திருந்தால் மட்டுமே அந்தக் கேள்விகள் பிறக்கும். கையில் ஒட்டிய மண்ணையோ வேரோடு செடியையோ அவன் கனடாவுக்குக் கொண்டுபோக முடியாது, சட்டம் தடுக்கிறது.

நடைமுறைக்கு வருகிறேன். விக்ரோறியா தினத்திலிருந்து நன்றி நவிலல் தினம் வரை ஏறத்தாழ 21 வாரங்கள். வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் வீதம் போனால் 42. நாற்பது மணித்தியாலமும் முடிந்து இரண்டு மிச்சம். ஓகஸ்டில் மூன்று வாரம் பயணம் போகிறவன் இன்னொருவனோடு சோடி சேர்ந்து, தான் இல்லாத வாரங்களை அவனிடமும் அவன் இல்லாத வாரங்களைத் தன்னிடமும் பொறுப்பாக்கலாம். குறையும் மணித்தியாலங்களை மார்ச் மாதத்தில் நாற்றுத் தட்டு நிரப்புவதிலும், கூட்டத்துக்குப் போய்க் குறிப்பெடுத்து முதியவர்களுக்குத் தமிழில் சொல்வதிலும் ஈடுசெய்யலாம். விதி இதற்குத் தடையாக இல்லை. பாடசாலை ஆண்டுக்குள் மாலை நேரத்தில் செய்தாலும் அது கணக்கில் சேரும். இரண்டே வாரத்தில் முடித்துவிடவேண்டும் என்ற அவசரம் நம்முடைய வீடுகளில் உருவானது.

தோட்டங்களை நடத்தும் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜூலையில் கூட்டமாக வரும் மாணவர்களை ஏற்றுக் களை பிடுங்கவிட்டு அனுப்புவதைக் குறைத்து, மே மாதத்தில் பெயர் பதிந்து ஒக்ரோபர் வரை வர உடன்படுபவர்களுக்கே முதலிடம் கொடுங்கள். ஒவ்வொரு மாணவரையும் ஒரு முதியவரின் பாத்தியோடு சேர்த்துவிடுங்கள். மேற்பார்வையாளர் என்று படிவத்தில் கையொப்பமிடும் பொறுப்பையும் குழு அந்த முதியவருக்கே கொடுக்கலாம். நாற்பது வருடம் மற்றவர்களின் படிவங்களில் கைநாட்டு வைத்தும் கையொப்பமிட்டும் வந்த மனிதர், ஒரு தடவையாவது சான்றளிப்பவராக மேசையின் மறுபக்கத்தில் அமரட்டும்.